நடந்தது நான், பலன் உங்களுக்கு

டோலி தூக்குற தொழில்ல பெரிய சங்கடம் என்னன்னா, மூட்டைக்கு வாய் கெடையாது, டோலியில வர்றவுகளுக்கு வாய் மட்டுந்தான் இருக்கும். சுருளிப்பட்டிக்கு மேல, மேல்மலை அம்மன் கோயிலுக்கு நடக்க முடியாதவுகளையும் நடக்க மனசில்லாதவுகளையும் நான் வருசக்கணக்காத் தூக்கியிருக்கேன். வெள்ளைக்காரன் சண்டைக்கு இரும்பு வேணும்னு போடி ரயில் தண்டவாளத்தப் பிடுங்கிட்டுப் போன காலத்துலகூடக் கூட்டம் கொறையல. மதுரையில இருந்து பெட்ரோலுக்குப் பதிலாக் கரியில ஓடுற பஸ்ஸுல மூஞ்சியெல்லாம் கரியோட வந்து கம்பத்துல எறங்குவாக. அங்கன இருந்து சுருளிப்பட்டிக்கு மாட்டுவண்டி. சுருளிப்பட்டியில இருந்து என் தோளு.

இதப் படிக்கிற உங்க தோளும் சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆபீசுல மேலதிகாரி, கடையில மொதலாளி, வீட்டுல மாமியா, யாரையாச்சும் தூக்கிக்கிட்டுத்தான் நடப்பீக. அவுகளும் மேல இருந்துக்கிட்டு "ஆட்டாமப் போப்பா"ன்னுதான் சொல்லுவாக. உங்ககிட்டப் பொலம்பாம நான் வேற யாருகிட்டப் போயிப் பொலம்ப?

குடிக்கிற தண்ணியும் வார்க்கிற தண்ணியும்

மொதல்ல எங்க மலை வழக்கத்தச் சொல்லிருறேன். அம்மனுக்கு நேந்துக்கிட்டவுக நடந்துதான் ஏறணும். டோலியில ஏறிப் போனா நேத்தி சேராது, சும்மா மூட்டை போயி எறங்குன மாதிரிதான். அதுக்கும் ஒரு வழி வச்சிருந்தாக. கோயிலுக்குச் சித்த கீழ ஒரு சொனை இருக்கு. அங்கன டோலிய எறக்கி, தூக்கியாந்த நாலு பேரும் ஆளாளுக்கு ஒரு செம்பு தண்ணி மோந்து, வந்தவுக உள்ளங்கையில வார்த்து, "நடந்தது நான், பலன் உங்களுக்கு"ன்னு சொல்லணும். சொல்லிட்டா அந்த நடை அவுகளுக்குச் சேந்துரும். எங்களுக்கு அதுல ஒட்டும் கெடையாது உறவும் கெடையாது. இதுக்கு நடை வார்க்கிறதுன்னு பேரு.

ஒருக்கா மதுரையில இருந்து ஒரு வக்கீல் ஐயாவத் தூக்கினோம். ரொம்ப ஆசாரம். பாதி மலையில அவுக கூஜா கவுந்து தண்ணியெல்லாம் கொட்டிப் போச்சு. வெயிலு மண்டையப் பொளக்குது. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு அவுகளுக்கு. எங்க சொரக்குடுக்கையில தண்ணி ததும்புது. நீட்டுனா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. எங்க கை பட்ட தண்ணியக் குடிக்க மாட்டாகளாம். சரி, கெடக்கட்டும்னு சொனைக்குத் தூக்கிட்டு வந்து சேத்தோம். அங்கன எறங்கினதும் மொத ஆளா உள்ளங்கைய நீட்டுறாக, "ம், வாருங்கடா"ன்னு. எனக்கு முன்கழி தூக்குற மொக்கையனுக்கு வாய் சும்மா இருக்காது. "சாமி, இதுவும் எங்க கைத் தண்ணிதான"ன்னு கேட்டுப்புட்டான். வக்கீல் ஐயா கைய மடக்கவே இல்ல.

"குடிச்சாத்தான்டா தீட்டு. வாங்கிக்கிட்டா தீட்டு இல்ல."

எங்க வீட்டுக்காரி கேட்டது

என் மக ராக்கு அப்ப ஆறு வயசுப் பிள்ளை. அவளுக்கு முன்னால பெறந்த ரெண்டு பயலுகளும் முறைக்காச்சல்ல போயிட்டானுக. எங்க பள்ளத்தாக்குல அந்தக் காச்சல் இல்லாத வீடு கெடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் உச்சிப்பொழுதுல குளிர் வரும். இருக்குற கம்பளி சாக்கு எல்லாத்தையும் போத்தி நம்மளும் மேல படுத்து அமுக்குனாலும் பிள்ளை தூக்கித் தூக்கிப் போடும். அப்புறம் இடது பக்கம் விலாவுக்குக் கீழ கட்டி ஒண்ணு பிடிக்கும். அதத் தொட்டுப் பாத்துத்தான் எங்க ஊரு தாய்மாருக பிள்ளை நெலமையச் சொல்லுவாக. ராக்குக்கும் கட்டி பிடிச்சிருச்சு. முன்னெல்லாம் தபாலாபீசுல இந்தக் காச்சலுக்குக் கொயினா மருந்துப் பொட்டணம் விப்பாக. சண்டை வந்ததும் அதுவும் பட்டாளத்துக்குப் போயிருச்சு.

வீட்டுக்காரி பேச்சியம்மாளுக்கு அம்மன விட்டா வேற நாதி இல்ல. பிள்ளை பேருக்கு ஒரு நடை நடந்துட்டு வாங்கன்னு என்னைப் பிடுங்கி எடுத்தா. அவளே போகலாம்னா பிள்ளைய விட்டு நகர முடியல. காட்டுல யானை கெடக்குறதுனால சித்திரைத் திருவிழா நாளுக்கு மட்டுந்தான் மலைப்பாதையத் தெறந்து விடுவாக. மத்த மாசமெல்லாம் தடுப்புப் போட்டுக் காவல் நிக்கும். அந்தச் சித்திரை நாளுல ஒண்ணு விடாம நான் டோலியில மாட்டிக்கிட்டுக் கெடப்பேன். "தெனமும் ஏறிட்டுத்தானடி வாரேன்"னு ஒரு கோவத்துல சொல்லிப்புட்டேன். பிள்ளை நெத்தியில கைய வச்சுக்கிட்டே என்னைத் திரும்பிப் பாத்தா.

"ஊருல உள்ளவுகளுக்கெல்லாம் ஊத்திட்டு வந்தீகளே, உங்க மகளுக்கு ஒரு நடை மிச்சம் வச்சீகளா?"

காட்சி பாத்த ஐயா

சாமிக்கு வாரவுக ஒரு ரகம்னா, மலையப் பாக்க வாரவுக இன்னொரு ரகம். மலையும் மேகமும் அருவியும் பாத்தா மனசு சுத்தமாகுமாம். அப்படித்தான் ஒரு ஐயா வந்தாக, காலேசுல பாடம் சொல்லிக் குடுக்குறவுக. திருகுப்பாறைத் திருப்பத்துல வந்ததும் "நிறுத்து நிறுத்து"ன்னு கத்துனாக. பாம்பாக்கும்னு பதறிப்போயி நின்னோம். பாம்பு இல்ல, பள்ளத்தாக்கு. கீழ வயலும் தோப்பும் ஆறும் பச்சைப் பசேல்னு கெடக்குன்னு கைய விரிச்சுக்கிட்டு ரசிக்கிறாக. கீழ எறக்கி வைக்கவான்னு கேட்டா, எறக்குனா புதரு மறைக்குமாம். அதனால தோளுலயே தூக்கிக்கிட்டு நின்னோம். மொக்கையனுக்குக் கெண்டைக்கால் நடுங்குறது கழி வழியா என் தோளுக்குத் தெரியுது. ஐயா மேகம் வருதுங்குறாக, போகுதுங்குறாக, வெயில் அடிக்கட்டும்ங்குறாக.

அந்த மலையில நான் பாத்த காட்சி என்னன்னு கேட்டா, மொக்கையன் பெடரியில ஓடுற வேர்வை. அதுக்கடுத்து என் காலடிக் கல்லு. முன்னால போறவன் "கல்லு"ன்னா கல்லு, "வழுக்கு"ன்னா வழுக்கு, தலையத் தூக்குனா நாலு பேரும் பள்ளத்துல கெடப்போம். ஐயா ஒருவழியா ரசிச்சு முடிச்சு, கண்ணத் தொடச்சுக்கிட்டு, எங்க மேல ரொம்பப் பிரியமாச் சொன்னாக.

"நீங்கள்லாம் குடுத்து வச்சவங்கப்பா. தெனமும் இதைப் பாக்குறீங்களே!"

மூச்சு

ஜெபமாலையும் கையுமா ஒரு அம்மா வந்தாக. செங்குத்துப் பாதையில ஏறும்போது நாலு பேருக்கும் மூச்சு துருத்தி மாதிரி அடிக்கத்தான் செய்யும். அந்தம்மா விசிறிக் காம்பால என் தலையில தட்டுனாக. என்ன ஆத்தான்னு கேட்டேன். அவுக சொன்னதுக்காக மூச்ச அடக்கிப் பாத்தோம், முடியுமா? மொக்கையனுக்குச் சிரிப்பு வேற வந்து தொலைச்சிருச்சு.

"மெதுவா மூச்சு விடுங்கப்பா, மந்திரம் எண்ணிக்கை தப்புது."

டாக்டர் வந்த டோலி

அந்த வருசத் திருவிழா பாதி முடிஞ்சிருச்சு. ராக்குக்குக் கண்ணு மஞ்சப் பூத்து, கஞ்சி எறங்காம கெடக்கா. அன்னைக்குப் பாத்து என் டோலியில ஏறினவுக ஒரு டாக்டர்னு கூட வந்தவுக பேச்சுல தெரிஞ்சுச்சு. பெரிய ஆஸ்பத்திரி டாக்டராம். எனக்குக் காலுல எங்கிட்டுருந்து அம்புட்டுத் தெம்பு வந்துச்சோ தெரியல. கல்லு குத்தாம, கழி குலுங்காம, பூவத் தூக்குற மாதிரித் தூக்கிட்டுப் போனேன். "என்னலே, பொண்ணு வீட்டு டோலியா தூக்குற"ன்னு மொக்கையன் கேலி பண்ணான். அம்மனே நம்மளப் பாத்து அனுப்புன ஆளுன்னு எனக்குள்ள ஒரு நெனப்பு.

இளைப்பாறுற எடத்துல கையக் கட்டிக்கிட்டு விசயத்தச் சொன்னேன். குத்தஞ்சொல்லக் கூடாது, டாக்டர் நல்லாக் காது குடுத்துக் கேட்டாக. எத்தனை நாளாக் காச்சல், கட்டி எம்புட்டு அகலம், ஒண்ணுக்கு என்ன நெறம்னு விசாரிச்சாக. அது மண்ணீரல் வீங்கிக் கெடக்குன்னு அவுக விலாவுலயே தொட்டுக் காட்டி வெளங்க வச்சாக. கொயினா இருந்தா பொழச்சுக்கும்னாக. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அந்தக் கொயினாவுக்கு எங்கன வரணும், ராவோட ராவாப் பிள்ளையத் தூக்கிட்டு வாரேன்னு கால்ல விழுந்துட்டேன். டாக்டர் என்னை எந்திரிக்கச் சொல்லிட்டு, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாக.

"எங்க ஆஸ்பத்திரியிலயே இல்லப்பா. அம்மனைத்தான் கேக்கணும். எங்க வீட்டுலயும் இதே காச்சல்தான், கேக்கத்தான் நானே வந்திருக்கேன்."

ஒருநாள் கேட்டது

சொனையில அந்த டாக்டருக்கும் நடை வார்த்துட்டுத்தான் எறங்கினேன். எறங்கினதும் நேரா மேஸ்திரிகிட்டப் போனேன். சுருளிப்பட்டி டோலி அம்புட்டும் அவரு கையிலதான். நாளைக்கு ஒருநாள் விடுங்க, வெறுந்தோளோட ஏறிட்டு வந்துருறேன், பிள்ளை கெடக்குற கெடை சரியில்லன்னு கெஞ்சினேன். வெத்தலைய மென்னுக்கிட்டே கேட்டாரு. மாத்தாளு இருக்கான்னாரு. திருவிழாவுல மாத்தாளுக்கு எங்கன போக? ஒருத்தன் நின்னா டோலி நின்னுபோகும், மிச்ச மூணு பேருக்கும் பொழப்புப் போயிரும். "நீ போகணும்னா போ, திரும்பி இங்கன வந்து கழியத் தொடாத"ன்னு எச்சியத் துப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நாசமாப் போறவன்னு வாய்க்குள்ளயே வஞ்சுக்கிட்டேன். வேற என்ன செய்ய?

மொக்கையன் ஒரு வழி சொன்னான். "வார்க்கும்போது வாயால அவுகளுக்குன்னு சொல்லு, மனசுக்குள்ள ராக்குக்குன்னு சொல்லிரு. யாருக்குத் தெரியப் போவுது?" எனக்கு அது ஒப்பல. அம்மன் சொனையில நின்னுக்கிட்டு அம்மனையே ஏமாத்துறதான்னு கேட்டேன். குடுக்குறதுன்னா குடுக்கணும், இல்லன்னா இல்லன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லணும். மொக்கையன் தலையில அடிச்சுக்கிட்டான்.

"நீ அம்மனுக்குப் பயப்படு, அம்மன் மேஸ்திரிக்குப் பயப்படட்டும். நல்லா வெளங்கும்லே!"

கடைசி டோலி

திருவிழா முடியுற அன்னைக்கு எங்களுக்கு வாச்சவுக மார்க்கையன்கோட்டை அம்மா. நெல்லு வயலும் வாழைத் தோப்புமா வசதியான சம்சாரி வீடு. இடுப்பு எலும்பு பிசகி நடக்க மாட்டாம இருந்தாக. அவுக நல்லவுக, அதச் சொல்லிருறேன். வக்கீலு மாதிரி இல்ல. பாதியில எறக்கச் சொல்லி, கொண்டாந்த புளிச்சோத்த எங்க நாலு பேருக்கும் இலையில வச்சாக. எங்க குடுக்கைத் தண்ணிய வாங்கி அண்ணாந்து குடிச்சாக. "தம்பி, தோளு வலிக்குதாய்யா"ன்னு என்னை அவுகளாக் கேட்டாக. அந்த மலையில அப்படி ஒருத்தரு கேட்டது அதுதான். ஒத்தைக்கு ஒரு மகனாம், பன்னெண்டு வயசாம், அவனுக்கும் இதே காச்சல்தானாம், கட்டி தொப்புள் வரைக்கும் வந்துருச்சாம். மகன் பேருக்குத்தான் இந்த நடைன்னு முந்தானையால கண்ணத் தொடச்சாக. நான் மிச்சச் சோத்தோட இலைய மடிச்சுட்டேன். ஏன்டா இவுக புளிச்சோறு குடுத்தாகன்னு இருந்துச்சு. வக்கீலு மாதிரி ஒருத்தன் வந்திருந்தா, நடையக் குடுக்க மாட்டேன்னு சொல்லுறது லேசாப் போயிருக்கும்.

சொனைக்கு வந்தோம். அந்தம்மா கல்லுல உக்காந்து உள்ளங்கையக் குழிச்சு நீட்டுனாக. மொக்கையன் வார்த்தான். அடுத்த ரெண்டு பேரும் வார்த்தாக. என் முறை. செம்பு கையில இருக்கு. அன்னைக்கு விட்டா அடுத்த சித்திரை. ராக்கு அடுத்த சித்திரை வரைக்கும் இருப்பாளா? "ஆத்தா, என்னை மன்னிக்கணும். இந்த ஒரு நடைய நான் குடுக்க மாட்டேன். எம்பிள்ளையும் இதே காச்சல்லதான் கெடக்கு"ன்னு சொன்னேன். சொல்லிட்டு, "நடந்தது நான், பலன் ராக்குக்கு"ன்னு செம்பத் தரையில கவுத்துட்டேன். நீட்டுன கைய அந்தம்மா மடக்கல. நான் எங்கன பாக்குறதுன்னு தெரியாம சொனையவே பாத்துக்கிட்டு நிக்கேன். "பயலா, பொண்ணா?"ன்னு கேட்டாக. பொண்ணுன்னேன். அதுவரைக்கும் தம்பி தம்பின்னு கூப்பிட்ட வாயி அது.

"பொட்டப் பிள்ளைக்காடா எம்மகன் நடையப் பிடுங்குற?"

கிராக்கி

அதே அம்மாவ அதே தோளுல தூக்கிக்கிட்டுத்தான் எறங்கினேன். வழி நெடுக மொக்கையன் "கல்லு", "வழுக்கு"ன்னு சொன்னது மட்டுந்தான் சத்தம். கீழ வந்ததும் சேதி மேஸ்திரி காதுக்குப் போயிருச்சு. வந்தவுக நேத்தியக் கெடுத்தவன்னு சொல்லி அங்கனயே என் தோள்துணியப் பிடுங்கி வீசினாரு. அதோட என் டோலிப் பொழப்பு முடிஞ்சுச்சு. அதுக்கப்புறம் மேல ஏலத் தோட்டத்துல மூட்டை தூக்கப் போயிட்டேன். ஏலக்கா மூட்டை எம்புட்டுக் கனத்தாலும் புண்ணியம் கேக்காது.

ராக்கு பொழச்சுக்கிட்டா. எப்படின்னு என்னைக் கேக்காதீக. வைகாசியில காச்சல் விட்டுவிட்டு வந்துச்சு, ஆனியில கொறைஞ்சுச்சு, ஆவணியில வீதியில எறங்கிப் பல்லாங்குழிக்குச் சண்டை போட்டா. பேச்சியம்மா அந்த ஒரு நடைதான்னு சொல்லுறா. ஏலத் தோட்டத்து எழுத்தர், சில உடம்பு தானாத் தேறிக்கிரும்னு சொன்னாக. நான் ரெண்டுக்கும் தலையாட்டினேன். பிள்ளை எந்திரிச்சு நடந்தா போதாதா? அவ சோறு கேட்டு அடம்பிடிக்கிறதப் பாத்துக்கிட்டே இருப்பேன், அம்புட்டுச் சந்தோசமா இருக்கும்.

ஊரு வாய் சும்மா இருக்குமா? டோலிக்காரன் குடுக்காம வச்சுக்கிட்ட நடையில சாகக் கெடந்த பிள்ளை எந்திரிச்சிருச்சுன்னு கம்பம் பஸ் நிக்கிற எடம் வரைக்கும் பரவிருச்சு. அடுத்த சித்திரைக்கு டோலிக்கு அடிதடி. அப்ப மேஸ்திரி என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாரு, கையில பூவும் பழமுமா. நீ டோலிகூடத் தூக்க வேணாம், சொனையில நின்னு வார்த்தா மட்டும் போதும்னாரு. நடக்காதவன் எப்படி நடை வார்க்கிறதுன்னு கேட்டேன். அதெல்லாம் வர்றவுகளுக்குத் தெரியாதாம். போன வருசம் என் தோள்துணிய வீசின கையி, இந்த வருசம் என் தோளத் தட்டுது. வெளிய போங்க மேஸ்திரின்னு எந்திரிச்சு நின்னேன். அவருக்கு ரோசம் வரல, சிரிச்சாரு.

"குடுக்க மாட்டேன்னு சொன்னவனுக்குத்தான்டா இப்பக் கிராக்கி!"

மார்க்கையன்கோட்டை அம்மா வந்தாக

அந்தச் சித்திரை முடியுற சமயம். எங்க வீட்டு வாசல்ல கூண்டுவண்டி வந்து நிக்குது. வண்டிக்காரர் தாங்கிப் பிடிக்க, மார்க்கையன்கோட்டை அம்மா எறங்குறாக. துக்கத்துல கழுத்துல பாசி மணி கூடப் போடல. மகன் போன ஆடியிலயே போயிட்டானாம், வண்டிக்காரர் காதோட சொன்னாரு. பேச்சியம்மா ராக்குவப் பிடிச்சு இழுத்து முதுகுக்குப் பின்னால மறைச்சா. பிள்ளையப் பறிகுடுத்த கண்ணு படக்கூடாதுன்னு அவளுக்குப் பயம். நான் எதுத்தாப்புல கையக் கட்டிக்கிட்டு நின்னேன். வையட்டும், மண்ண வாரித் தூத்தட்டும், வாங்கிக்கிருவோம்னு நெனச்சேன்.

அவுக என்னைப் பாக்கவே இல்ல. "அந்தப் பிள்ளை எங்க?"ன்னாக. ராக்கு ஒரு கூறுகெட்ட கழுதை, அவளாவே "நாந்தான்"னு முன்னால வந்து நின்னுட்டா. அந்தம்மா வாசப்படியில உக்காந்து, பிள்ளையக் கிட்ட இழுத்து, இடது விலாவுக்குக் கீழ மூணு வெரல வச்சு அமுக்கிப் பாத்தாக. விட்டுட்டு மறுபடி அமுக்கிப் பாத்தாக. கட்டி இல்ல. வயிறு மெத்து மெத்துன்னு இருக்கு. ராக்குக்குக் கூச்சத்துல சிரிப்பு வந்து, நெளிஞ்சு நெளிஞ்சு சிரிக்கிறா. அவ சிரிச்சது எனக்கு உசுரு போற மாதிரி இருந்துச்சு. சும்மா இருடீன்னு பேச்சியம்மா அதட்டினா. "சிரிக்கட்டும் ஆத்தா, எம்மகன் கடைசியில தொடவே விடல"ன்னு அந்தம்மா வயித்துல இருந்து கைய எடுக்காமச் சொன்னாக. பேச்சியம்மா முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு அழுதுட்டா.

அந்தம்மா எந்திரிச்சாக. மோரு குடிச்சிட்டுப் போங்கன்னு கேட்டோம், வேணாம்னுட்டாக. மூணு பேரு வார்த்தாகல்ல, அது ஏன் சேரலன்னு அவுக கேப்பாகன்னு நான் பயந்துக்கிட்டே இருந்தேன். வண்டியில ஏற நான் கை குடுத்தேன், பிடிச்சுக்கிட்டாக. ஏறி உக்காந்துட்டு மொதவாட்டியா என் மூஞ்சியப் பாத்தாக.

"அன்னைக்கு நீ குடுக்காதது நல்லதுய்யா. குடுத்திருந்தா அவனும் போயிருப்பான், இவளும் போயிருப்பா."

மலைக்கு எப்படிப் போறதுன்னு இப்பவும் யாராச்சும் என்கிட்ட வழி கேட்டா, அவுகவுக காலாலதான் போகணும்னு மட்டும் சொல்லிட்டு, என் ஏலக்கா மூட்டையத் தூக்கிக்கிட்டு நடையக் கட்டிருவேன்.